ஜெயில்ல போட்டா போதை தெளிஞ்சிடும்னு நம்பாதீங்க

பையன் கஞ்சா, ஹெராயின்னு கேஸ்ல மாட்டி உள்ள போயிட்டா வீட்ல பெரியவங்க சொல்றது, "ஒரு ஆறு மாசம் கிடக்கட்டும், தன்னால திருந்திடுவான்". பெரிய தப்பே இதுதாங்க. உள்ள சரக்கு கிடைக்கலன்னா (கிடைக்காதுன்னு யாரு சத்தியம் பண்றது) பழைய அளவைத் தாங்குற சக்தி உடம்புக்குப் போயிடும், ஆனா ஆசை மட்டும் அப்படியே இருக்கும், வெளிய வந்த சூட்டோட ஹெராயினை பழைய டோஸ்லயே ஏத்துனா மூச்சு நின்னுடும். அமெரிக்காவுல வாஷிங்டன் மாநில ஜெயில்ல இருந்து ரிலீஸ் ஆனவங்களை வச்சு 2007ல ஒரு ஆய்வு வந்துச்சு, முதல் 2 வாரத்துல ஓவர்டோஸ்ல சாகுற ஆபத்து அந்த மாநிலத்து மத்த ஜனங்களை விட 129 மடங்காம்.

குடி வேற மாதிரி. டெய்லி குடிச்சவனை லாக்கப்ல வச்சா 2, 3 நாள்ல கை நடுங்கும், வலிப்பு வரும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், "நடிக்கிறான்"னு விட்டா செத்தே போகலாம். ஜெயில் டாக்டர்கிட்ட எவ்வளவு குடிப்பான், கடைசியா எப்போ குடிச்சான்னு முதல் நாளே சொல்லிடணும், மானம் போகுதேன்னு வீட்டுக்காரங்க மறைக்கக் கூடாது.

பத்து நாள் மாத்திரை குடுத்து நடுக்கத்தை நிறுத்திட்டா சிகிச்சை முடிஞ்சதுன்னு நினைக்கிறதும் தப்பு, அது ஆரம்பம்தான். ஹெராயின்காரங்களுக்கு ப்யூப்ரனார்ஃபின் மாத்திரை (ஹெராயினுக்குப் பதிலா குடுத்து ஏக்கத்தை அடக்குற மருந்து) மாசக்கணக்குல தேவைப்படும். "ஒரு போதைக்கு இன்னொரு போதையா"ன்னு கேப்பாங்க, கேக்கட்டும், திகார் ஜெயில்லயே 2008ல இதை ஆரம்பிச்சாச்சு. உள்ள குடுத்துட்டு ரிலீஸ் அன்னைக்கு வெறுங்கையோட அனுப்புறதுதான் கொடுமை, அடுத்த நாள் மாத்திரை எந்த ஆஸ்பத்திரில வாங்கணும்னு முன்னாடியே பேசி வச்சிருக்கணும்.

அப்புறம் சட்டம். போதைப்பொருள் சட்டத்துல 64ஏ பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. போதைக்கு அடிமையானவர் மேல உபயோகிச்ச கேஸோ, சின்ன அளவு கேஸோ இருந்து (கஞ்சான்னா 1 கிலோ வரைக்கும், ஹெராயின்னா 5 கிராம்), அவரே விரும்பி சிகிச்சைக்குப் போனா வழக்குல இருந்தே விலக்கு உண்டு. தண்டனை கிடைச்ச பிறகும் 39வது பிரிவுல, அவர் சம்மதிச்சா கோர்ட் சிகிச்சைக்கு அனுப்பலாம். இங்க நடக்குற தப்பு என்னன்னா, தெருமுனையில போர்டு மாட்டியிருக்குற ஏதோ ஒரு மறுவாழ்வு மையத்துல காசைக் கட்டி சேர்த்துடுறது. 64ஏக்கு அரசோ உள்ளாட்சி அமைப்போ நடத்துற இல்ல அங்கீகாரம் குடுத்த இடம்தான் செல்லும், பாதியில ஓடி வந்தா விலக்கையும் திரும்ப எடுத்துக்கலாம். அதனால வக்கீல்கிட்ட பெயில் பேசும்போதே இதையும் கேட்டுடுங்க.