சூதாட்டப் பங்கை ரோத்தில் வாங்குவதா, வெளியே வாங்குவதா?

அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்களுக்கான பதிவு. ஐ.ஆர்.ஏ (வரிச்சலுகை உள்ள ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு) திறப்பது எப்படி என்று எழுதப் போவதில்லை, அது பத்து நிமிட வேலை. ரோத் (வரி கட்டிய பணத்தைப் போடுவது), டிரெடிஷனல் இரண்டும் அதன் வகைகள்; 'வெளியே' என்றால் சாதாரண புரோக்கரேஜ் கணக்கு. எந்தப் பங்கை எந்தக் கணக்கில் வாங்குவது என்பதுதான் நான் காசு கொடுத்துக் கற்றது.

படி 1: பங்குகளை இரண்டாகப் பிரியுங்கள். பத்து வருஷம் திறந்தே பார்க்காமல் விடக்கூடியவை ஒரு பக்கம். "இந்த மாசம் எகிறும்" என்று வாங்குபவை இன்னொரு பக்கம், சூதாட்டம் என்று நான் சொல்வது இவற்றைத்தான். எதில் சேர்ப்பது என்று தயங்கினால் அது இரண்டாவது வகைதான்.

படி 2: வரியைக் கணக்குப் போடுங்கள். சாதாரண புரோக்கரேஜ் கணக்கில் ஒரு வருஷத்துக்குள் விற்று 4,000 டாலர் லாபம் பார்த்தால், 24% வரி கட்டுபவருக்கு 960 டாலர் போகும். ஒரு வருஷம் தாண்டி விற்றால் 15%, அதாவது 600. (மாநில வரி தனி.) விற்காத வரை ஏறிய விலைக்கு வரியே இல்லை. ஆகவே வாங்கிவிட்டு மறந்துவிடும் இண்டெக்ஸ் ஃபண்ட் (சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் நிதி) வெளியே கிடந்தாலும் பெரிதாக வலிக்காது. ரோத்தில் தினம் நாலு தடவை வாங்கி விற்றாலும் வரி கிடையாது. டிரெடிஷனலிலும் விற்கும்போது வரி இல்லை, ஆனால் ஓய்வில் எடுக்கும்போது சம்பளம் மாதிரி வரி போடுவார்கள். நீண்ட கால லாபத்துக்கான சலுகை அங்கே செல்லாது.

அப்படியானால் சூதாட்டமெல்லாம் ரோத்துக்குள்ளா? நானும் அப்படித்தான் குதித்தேன். 50 வயதுக்குள் இருப்பவர் 2025-க்கு அதில் போட முடிந்ததே 7,000 டாலர். அதில் 5,000 கரைந்தால் அந்த வருஷத்துக்கு மறுபடி நிரப்ப வழியில்லை. வெளியே நட்டப்பட்டால் மற்ற லாபத்தில் கழித்து, மிச்சத்தை வருஷத்துக்கு 3,000 வரை சம்பள வருமானத்திலும் கழிக்கலாம். ரோத்துக்குள் அந்த ஆறுதலும் கிடையாது. இப்போது என் ரோத்தில் பத்தில் ஒரு பங்குதான் விளையாட்டு.

படி 3: நட்டத்தில் விற்கும்முன் எல்லாக் கணக்கையும் பாருங்கள். நான் விழுந்த இடம் இது. வெளியே 14 டாலருக்கு வாங்கிய 200 பங்கை 9-க்கு விற்றேன். நட்டம் 1,000. அடுத்த வாரம் 8-க்கு இறங்கியதும் ஆசை விடவில்லை, அதே 200-ஐ ரோத்தில் வாங்கினேன். விற்ற நாளுக்கு முன்னும் பின்னும் 30 நாளுக்குள் அதே பங்கை வாங்கினால் அதற்குப் பெயர் வாஷ் சேல், அந்த நட்டத்தை வரியில் கழிக்க முடியாது. வெளியேயே வாங்கியிருந்தால் அந்த 1,000 புதுப் பங்கின் அடக்கவிலையில் ஏறி, பிறகாவது உதவியிருக்கும். ஐ.ஆர்.ஏ-வில் வாங்கினால் நட்டம் அப்படியே காணாமல் போகும். ஐ.ஆர்.எஸ் (அமெரிக்க வரித் துறை) இதை 2008-லேயே சொல்லிவிட்டது. புரோக்கர் அனுப்பிய 1099-பி என்ற விற்பனை விவரப் படிவத்தில் ஒரு எச்சரிக்கையும் இல்லை, கணக்குத் தாண்டிப் பார்ப்பது அவர்கள் பொறுப்பில்லை. வரித் தாக்கலோடு சேர்க்கும் 8949 படிவத்தில் நாமேதான் திருத்த வேண்டும்.

இதற்கு ஆப் எதுவும் வேண்டாம். கூகுள் ஷீட்டில் விற்ற தேதி, அதோடு 31 நாள் கூட்டிய தேதி, போதும்.

பின்சேர்க்கை: டிவிடெண்டைத் தானாக மறுமுதலீடு செய்யும் வசதி ரோத்தில் போட்டிருந்தால் அதுவும் வாங்கியதாகத்தான் கணக்கு. வாங்கிய அந்த ஒன்றிரண்டு பங்கு அளவுக்கு நட்டம் போகும்.

இன்னொன்று: நான் விற்று, மனைவி வாங்கினால்? ஒருவர் கேட்ட பிறகு தேடிப் பார்த்தேன். அதுவும் வாஷ் சேல்தான். ஷீட்டில் இப்போது அவர் கணக்குக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியாகிவிட்டது.