கருத்தடை மாத்திரை: அட்டை மாறும் இடத்தில் கவனம்

மதுரைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகத் தரும் மாலா-என் அட்டையில் 28 மாத்திரைகள் இருக்கும். முதல் 21 வெள்ளை மாத்திரைகளில் ஒவ்வொன்றிலும் லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம், எத்தினைல் எஸ்ட்ராடியால் 0.03 மில்லிகிராம். கருமுட்டை வெளிவராமல் தடுப்பது இந்த இரண்டு ஹார்மோன்களும்தான். கடைசி 7 அடர் நிற மாத்திரைகள் வெறும் இரும்புச்சத்து. மாதவிலக்கு அந்த நாட்களில் வரும்.

மாதவிலக்கு தொடங்கிய 5 நாட்களுக்குள் முதல் மாத்திரையைப் போட்டால் அன்றே பாதுகாப்பு உண்டு. அதற்குப் பிறகென்றால், கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு தொடங்கி, முதல் 7 நாட்கள் ஆணுறையும் வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போட்டால் குமட்டல் குறையும். முதல் மூன்று மாதம் இடையிடையே லேசாக ரத்தம் படலாம். அதற்காகப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

பலரும் தவறுவது அட்டை மாறும் இடத்தில். ஹார்மோன் இல்லாத 7 நாட்களில் சினைப்பை மெல்ல வேலையைத் தொடங்கிவிடும். அடுத்த அட்டை இரண்டு நாள் தள்ளிப்போனால் முட்டை வெளிவர வழி கிடைக்கிறது. மாதவிலக்கு முடியாவிட்டாலும் எட்டாம் நாள் புது அட்டை தொடங்கியாக வேண்டும். அதனால், வெள்ளை மாத்திரை தீரும் முன்பே அடுத்த அட்டையைக் கிராம சுகாதார செவிலியரிடம் வாங்கி வையுங்கள்.

ஒரு வெள்ளை மாத்திரை விட்டுப்போனால், நினைவு வந்ததும் போடுங்கள். அன்றைய மாத்திரையையும் வழக்கமான நேரத்தில் போடுங்கள். இரண்டோ அதற்கு மேலோ விட்டுப்போனால், கடைசியாக விட்டதை மட்டும் உடனே போட்டு, அதற்கு முன் விட்டுப்போனவற்றை மட்டும் தூக்கி எறியுங்கள்; அட்டையில் மீதி உள்ளதை வழக்கம்போலத் தொடருங்கள். அடுத்த 7 நாட்கள் ஆணுறை கட்டாயம். இது மூன்றாம் வாரத்தில் நடந்தால் வெள்ளை மாத்திரைகளை முடித்து, இரும்பு மாத்திரைகளை விட்டுவிட்டு நேராகப் புது அட்டைக்குப் போங்கள். முதல் வாரத்தில் நடந்து, முந்தைய 5 நாட்களில் உறவும் இருந்திருந்தால், அவசரக் கருத்தடை பற்றி அன்றே கேளுங்கள். மாத்திரை போட்ட 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போடவும்.

சித்திரைத் திருவிழா, முளைப்பாரி நேரத்தில் மாதவிலக்கைத் தள்ளிப்போட மெடிக்கலில் வாங்கும் நோரெதிஸ்டிரோன் மாத்திரை கருத்தடை ஆகாது. மாலா-என் சாப்பிடுபவருக்கு அது தேவையும் இல்லை. இரும்பு மாத்திரைகளைத் தவிர்த்து அடுத்த அட்டையைத் தொடர்ந்தாலே மாதவிலக்கு தள்ளிப்போகும்.

ரத்த அழுத்தம் 140/90-ஐத் தாண்டியவர்கள், கண்ணில் மின்னலடித்து ஒற்றைத் தலைவலி வருபவர்கள், 35 வயது தாண்டிப் புகைப்பவர்கள், குழந்தை பெற்று 6 மாதம் ஆகாமல் தாய்ப்பால் கொடுப்பவர்கள், கல்லீரல் நோயோ மார்பகப் புற்றுநோயோ உள்ளவர்கள், ரத்தம் உறைந்து கட்டிய நோய் வந்தவர்கள் வேறு முறை கேட்க வேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், சில வலிப்பு மருந்துகள் இதன் பலனைக் குறைத்துவிடும்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், திடீர் பார்வை மங்கல் வந்தாலோ மாத்திரையை நிறுத்தி உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டார் பக்கத்தில் நிற்கிறார்களே என்று மறைக்காதீர்கள். மாத்திரை சாப்பிடுவது தெரிந்தால்தான், அதனால் ரத்தம் உறைந்து கட்டியிருக்கிறதா என்று டாக்டர் முதலில் பார்ப்பார்.