கமலா ஆரஞ்சில் நுண்ணொட்டு: கொழுந்தைப் பெரிதாக வெட்டாதீர்கள்

ஏற்காட்டில் காப்பிக்கு நடுவே நிற்கும் கமலா மரம் இலை மஞ்சளாகி, நுனிக்கிளை காய்ந்து வந்தால் முதலில் உரம்தான் வைத்துப் பார்ப்பார்கள். வந்திருப்பது டிரிஸ்டிசா வைரஸோ கிரீனிங் நோயோ என்றால் எந்த உரமும் எடுபடாது. அந்த மரத்தில் மொட்டெடுத்து ஒட்டினால் புதுக் கன்றுக்கும் நோய் போகும். ரகம் நம்முடையதாகவும் நோய் இல்லாமலும் வேண்டுமென்றால், ஆய்வகத்தில் கொழுந்து நுனியை ஒட்டும் நுண்ணொட்டு நல்ல வழி. நாக்பூரின் மத்திய சிட்ரஸ் ஆராய்ச்சி நிறுவனம் இப்படித்தான் நோயற்ற தாய்ச்செடிகளை உருவாக்குகிறது.

இதில் பெரிய தவறு, ஒட்டு நன்றாகப் பிடிக்கட்டும் என்று நுனியைப் பெரிதாக வெட்டுவது. வெட்ட வேண்டியது 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர்தான், வளர்நுனியும் அதைச் சுற்றி இரண்டு மூன்று இலைக் குருத்துகளும் இருந்தால் போதும். சாறு ஓடும் குழாய்கள் அந்த நுனிவரை இன்னும் உருவாகியிருக்காது. அதனால்தான் அங்கே நோய் பெரும்பாலும் எட்டுவதில்லை. அரை மில்லிமீட்டர் எடுத்தால் ஒட்டு சுலபமாகப் பிடிக்கும், வைரஸும் கூடவே வந்துவிடலாம். பத்துக்கு மூன்று, நான்கு பிடித்தாலே நல்ல வேலை என்று மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சின்ன நுனி கத்திமுனையில் கொஞ்சநேரம் நின்றாலே காய்ந்துவிடும். நுனியைத் தாங்கப்போகும் நாற்றான வேர்ச்செடியில், தலைகீழாக நிற்கும் ஆங்கில 'T' எழுத்து வடிவத்தில் முதலில் கீறித் தயாராக வைத்துவிட்டு, அப்புறம் நுனியை வெட்டுங்கள். வெட்டிய கையோடு கீறலின் கிடைவெட்டில் உட்கார வைக்க வேண்டும்.

வேர்ச்செடி இருட்டில் இரண்டு வாரம் வளர்ந்த நாற்று. தலையை வெட்டும்போது விதையிலைகளையும் அவற்றின் கக்கத்து மொட்டுகளையும் சேர்த்து எடுக்க மறந்தால், கீழிருந்து வேர்ச்செடியே துளிர்க்கும். ஒட்டுப் பிடித்துவிட்டது என்று ஏமாறுவது இங்கேதான். வேர்ச்செடி ட்ராயர் சிட்ரேஞ்ச் ரகம் என்றால் மூன்று கூறாக வரும் இலையே காட்டிக்கொடுக்கும். ரங்பூர் லைம் ரகம் என்றால் கமலாவைப் போலவே இலையும் ஒற்றைதான். அதனால் துளிர் எங்கிருந்து கிளம்புகிறது என்று நுண்ணோக்கியில் பார்த்தே ஆக வேண்டும்.

சோதனைக் குழாயின் ஈரத்தில் வளர்ந்த கன்றை நேராக வெளியே வைக்கக் கூடாது. முதலில் கன்றின் மேல் மூடி போட்டு, ஈரத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பழக்குங்கள். ஏற்காட்டுக் குளிர்ச்சியிலேயே இதைச் செய்வது நல்லது. பழக்காத கன்றைச் சித்திரை வெயிலில் சேலத்துக்கு இறக்கினால் தாங்காது.

ஆய்வகத்தில் பிறந்ததாலேயே நோய் இல்லை என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு கன்றையும் எலைசா அல்லது பிசிஆர் என்ற நோய் கண்டறியும் ஆய்வகச் சோதனை செய்த பிறகே தாய்ச்செடியாக்குங்கள். அதன் பிறகும் பூச்சி வலைக்குள்தான் அது இருக்க வேண்டும். அசுவினி டிரிஸ்டிசாவையும், சைலிட் பூச்சி கிரீனிங்கையும் மறுபடி கொண்டுவரும். சைலிட்டுக்குக் கறிவேப்பிலைத் துளிரும் பிடித்த இடம். நாற்றங்கால் ஓரத்தில் சமையலுக்கென்று வைத்த கறிவேப்பிலை இருந்தால், அதை முதலில் அப்புறப்படுத்துங்கள்.