பேரு ஒண்ணுன்னா டிஸ்க்கும் ஒண்ணா?

கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப்பக்கம் ஒரு தென்னந்தோப்புல டிஸ்க் கோல்ஃப் (பிளாஸ்டிக் தட்டை வீசி கூடைல விழவெக்கற ஆட்டம்) ஆடறோம், பொள்ளாச்சிப் பசங்களும் வருவாங்க, கொழிஞ்சாம்பாறைல இருந்தும் வருவாங்க. எப்படிப் பிடிக்கறது, கால எங்க வைக்கறதெல்லாம் யூடியூப்ல பாத்துக்கங்க. டிரைவர், அதாவது தூரமா வீசற டிஸ்க், வாங்கறப்ப பிளாஸ்டிக் விஷயத்துல பண்ற தப்பு மட்டும் சொல்றேன்.

தொலைஞ்ச டிஸ்க்குக்குப் பதிலா வேற பிளாஸ்டிக்

இதப் பாத்தா இன்னிக்கும் எரிச்சலா வருது. ஒரு தம்பிகிட்ட டிஎக்ஸ் பிளாஸ்டிக்ல வால்கிரிங்கற டிரைவர் இருந்துச்சு. இன்னோவாங்கற டிஸ்க் கம்பெனில விலை கம்மியான பிளாஸ்டிக் அது, கைக்கு நல்லா நிக்கும், ஆனா தென்னைல நாலு அடி வாங்குனா விளிம்பெல்லாம் கொத்துப்பட்டுப் போயிரும். அடிபட அடிபட அண்டர்ஸ்டேபிள் ஆயிட்டே வரும், அதாவது வலது கைல பேக்ஹேண்ட் போட்டா வலது பக்கம் சாயறது கூடும், கடைசில இடது பக்கம் விழறது குறையும். அவன் கை அதுக்குப் பழகி நேரா போயிட்டிருந்துச்சு. ஒருநாள் அது வாய்க்கால்ல போயிருச்சு. "இந்தவாட்டி தேயாததா வாங்கிர்றனுங்ணா"ன்னு கூரியர் காசும் சேத்து அழுது அதே வால்கிரிய சாம்பியன்ங்கற கெட்டி பிளாஸ்டிக்ல வரவெச்சான். போட்டிருக்கற நம்பரும் அதே வேகம் 9, மெதப்பு 4, டர்ன் (மொதல்ல வலது பக்கம் சாயறது) -2, ஃபேட் (கடைசில இடது பக்கம் விழறது) 2. மொத வீச்சே இடது பக்கம் சரிஞ்சு மோட்டார் ரூம் செவுத்துல டமார்னு அடிச்சுது.

அந்த நாலு நம்பரும் அச்சுக்குப் போட்டது. ஒரே அச்சுல ஊத்துனாலும் ஒவ்வொரு பிளாஸ்டிக்கும் ஆறும்போது ஒவ்வொரு மாதிரி சுருங்கும், அதுல மேல்குமிழும் விளிம்போட உயரமும் துளி மாறும், விளிம்பு துளி ஒசந்தாலே ஓவர்ஸ்டேபிள், அதாவது இடது பக்கம் விழறது கூடும். பொதுவா புது டிஎக்ஸ விட புது சாம்பியன் அப்படித்தான் இருக்கும், இதுல இவன் விட்டது தேஞ்ச டிஎக்ஸ் வேற. அதச் சொன்னா, "பேரு ஒண்ணுதானுங்ணா?"ங்கறான். தப்பு கைலதான்னு நெனச்சு மணிக்கட்டத் திருப்பித் திருப்பி, இருந்த நல்ல வீச்சையும் கெடுத்துக்கிட்டான். காசு போனாக்கூடப் போகுது, கை போச்சே! பழைய மாதிரி வேணும்னா டிஎக்ஸ்லயே வாங்கித் தேயவிடணும். சாம்பியன்தான் வேணும்னா லெப்பர்ட் மாதிரி, வேகம் 6, ஃபேட் 1 இருக்கறதா எடுங்க.

எதிர்காத்துல தேஞ்ச டிஎக்ஸ்

ஜூன்ல இருந்து பாலக்காட்டுக் கணவாய்ல வர்ற காத்து தெரியுமில்ல, ஆடில அம்மியே பறக்கும். எதிர்காத்துல எந்த டிஸ்க்கும் இன்னும் அண்டர்ஸ்டேபிளா போகும், தேஞ்சதுன்னா கவுந்து வலது பக்கமே ஓடிரும். சாம்பியனுக்கு வேலை இங்கதான்.

மழைல சாம்பியன்

வழுக்கும். துண்டு வெச்சுக்கங்க, இல்ல கைக்கு இன்னும் நிக்கற ஸ்டார் பிளாஸ்டிக்ல எடுங்க.

எடுத்ததும் 175 கிராம்

கை வேகம் இல்லாதவங்களுக்கு 150, 160 போதும், லேசா இருந்தா டர்ன் சுலபமா வரும்.

டெஸ்ட்ராயர் ஸ்டார்லயா சாம்பியன்லயா?

12 வேகத்து டிஸ்க் அது, கை வேகம் நல்லா இருக்கணும். இப்போதைக்கு ரெண்டும் வேண்டாமுங்க.