பழைய ஸ்விட்சில் உபுண்டு: அலுமாரியில் கிடப்பதை மேசைக்குக் கொண்டுவரும் வழி

திருகோணமலை உவர்மலையில் தங்கச்சி வீட்டு அலுமாரியில் ஒரு நின்டெண்டோ ஸ்விட்ச் விளையாட்டுக் கருவி மூன்று வருடமாகச் சும்மா கிடந்தது. அத்தான் கட்டாரிலிருந்து கொண்டுவந்த முதல் பதிப்பு. அதே வீட்டில் மருமகன் இந்த வருடம் சாதாரண தரம், கல்வி அமைச்சின் ஈ-தக்ஸலாவ இணையத்தளத்தில் பாடக் கோப்புகளைத் திறந்து பார்க்க அம்மாவின் போனுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். அந்தக் கருவிக்குள் நான்கு கோர் செயலி இருக்கிறது, 4 ஜிபி ரேம் இருக்கிறது, டிவியில் மாட்ட டொக்கும் இருக்கிறது. ஒரு கணினிக்கு வேண்டியதெல்லாம் இருக்கும்போது அதை ஏன் விளையாட்டுக்கு மட்டும் என்று விட்டுவைக்க வேண்டும்? இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து உபுண்டு என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டேன். இப்போது அவன் அதில்தான் எழுதுகிறான், படிக்கிறான்.

இதை எழுதுவதற்குக் காரணம், இதைப் பற்றி விசாரிக்கும் எல்லோரும் முதலில் கேட்பது "மெஷின் செத்துப் போகாதா?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல. நாம் போடப்போகும் உபுண்டு முழுக்க மெமரி கார்டில்தான் இருக்கும், ஸ்விட்சின் உள் நினைவகத்தில் ஒரு எழுத்துக்கூட எழுதப்போவதில்லை. பயப்படுவதென்றால் கார்டைப் பற்றிப் பயப்படுங்கள்.

உங்களுடையது பொருந்துமா?

எல்லா ஸ்விட்சிலும் இது முடியாது. 2017 மார்ச் 3ஆம் திகதி வெளிவந்த முதல் ஸ்விட்சில் என்விடியாவின் டெக்ரா எக்ஸ்1 சிப் இருக்கிறது. அந்தச் சிப்புக்கு ஆர்சிஎம் என்று ஒரு மீட்பு நிலை உண்டு. அந்த நிலையில் யூஎஸ்பி வழியாக வரும் ஒரு கோரிக்கையின் நீளத்தை அது சரியாகச் சோதிப்பதில்லை, அதனால் நாம் அனுப்பும் சின்ன நிரலை அது ஓட்டிவிடும். கேட் டெம்கின் என்ற ஆய்வாளர் 2018 ஏப்ரலில் இதை வெளியிட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் ஃப்யூசே ஜெலே. பிழை இருப்பது சிப்பிலேயே பதிக்கப்பட்ட பூட் ரோம் என்ற தொடக்க நிரலில் என்பதால் எந்த அப்டேட்டாலும் அதை மூட முடியாது. ஆனால் 2018 நடுப்பகுதிக்குப் பிறகு தொழிற்சாலையிலேயே திருத்தி அனுப்பத் தொடங்கிவிட்டார்கள்.

அதனால் சீரியல் நம்பரைப் பார்க்க வேண்டும். கருவியின் அடிப்பக்கம், சார்ஜ் குத்தும் இடத்துக்குப் பக்கத்தில் சின்ன ஸ்டிக்கரில் இருக்கும். எக்ஸ்ஏடபிள்யூ1 என்று தொடங்கும் நம்பரில் அடுத்த நான்கு இலக்கம் 0074 அல்லது அதற்குக் கீழே என்றால் தைரியமாகத் தொடங்கலாம். 0075இலிருந்து 0120 வரை இருந்தால் சிலதில் வரும், சிலதில் வராது, முயன்று பார்த்தால்தான் தெரியும். அதற்கு மேலே என்றால் இந்த வழி இல்லை. வேறு எழுத்தில் தொடங்கும் சீரியலுக்கு வேறு கணக்கு. நம்பரைக் கொடுத்தால் சொல்லிவிடும் பக்கங்கள் இணையத்தில் இருக்கின்றன, அதில் போட்டுப் பாருங்கள். ஸ்விட்ச் லைட், ஓலெட் திரை வந்தது, 2019இல் பேட்டரி கூடுதலாக நிற்கும் என்று வந்தது, இவை மூன்றுக்கும் சிப்பே வேறு. அவற்றில் உள்ளே சால்டர் பிடித்துச் செய்ய வேண்டும், அது தொடக்கக்காரர் வேலை இல்லை.

வேண்டிய சாமான்

ஸ்விட்சை அந்த மீட்பு நிலைக்குக் கொண்டுபோக ஒரு ஆர்சிஎம் ஜிக். விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் துண்டு, உள்ளே ஒரு சின்னக் கம்பி. பேப்பர் கிளிப்பை வளைத்துச் செய்யும் வீடியோக்கள் நிறைய உண்டு, தயவுசெய்து அது வேண்டாம். ஜாய்கொன் (பக்கவாட்டில் மாட்டும் கட்டுப்படுத்தி) ஏறும் தண்டவாளத்தின் அடியில் பத்து மெல்லிய பின் வரிசையாக இருக்கும், கிளிப் ஒன்றை வளைத்துவிட்டால் அந்தப் பக்க ஜாய்கொன் போனதுதான். கடற்கரைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் ஜிக்கைப் போடுமுன் அந்தப் பின்களை டோர்ச் அடித்துப் பாருங்கள். கடற்காற்றில் எங்கள் பக்கம் கதவுப் பிணைச்சலே உப்புப் பிடித்துப் போகும். அந்த ஸ்விட்சின் பின்களிலும் வெள்ளையாகப் படிந்திருந்தது. ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சுக்குச்சியால் மெதுவாக ஒற்றி எடுத்து, நன்றாகக் காயவிட்டுத்தான் தொடங்கினேன்.

அடுத்து டேட்டா போகும் யூஎஸ்பி-சி கேபிள். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கேபிள் உதவாது. ஒரு விண்டோஸ் கணினி, சொந்தமாக இல்லாவிட்டால் ஒரு நாளுக்கு இரவல் வாங்கினாலும் போதும். அப்புறம் மைக்ரோ எஸ்டி கார்ட். 64 ஜிபியில் ஒப்பேற்றலாம், 128 என்றால் நிம்மதி.

கார்ட் பற்றி ஒரு கதை சொல்ல வேண்டும். முதல் சனிக்கிழமை முழுக்க எனக்கு வீணாய்ப் போனது இதனால்தான். டவுனில் ஒரு கடையில் 128 ஜிபி என்று அச்சடித்த கார்டைப் பாதி விலைக்கு வாங்கினேன். கணினியில் போட்டால் 128 என்றுதான் காட்டியது. உபுண்டு கோப்புகளும் குறையில்லாமல் கொப்பியானது போலத் தெரிந்தது. ஆனால் எழுத வைத்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் நின்றது. நானும் கருவியில் கோளாறு என்று நினைத்து நான்கு தடவை முதலிலிருந்து செய்தேன். கடைசியில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரலை ஓட்டிப் பார்த்தால், அந்தக் கார்டில் உண்மையில் இருந்தது 8 ஜிபிக்கும் குறைவு. அதற்கு மேல் எழுதுவதெல்லாம் காற்றில் எழுதுவதுதான். எந்தக் கடையில் வாங்கினாலும், பெட்டியில் என்ன பெயர் போட்டிருந்தாலும், கார்டை வீட்டுக்குக் கொண்டுவந்த உடனே இந்தச் சோதனையை ஓட்டுங்கள். சில மணி நேரம் எடுக்கும், இரவு போட்டுவிட்டுப் படுங்கள்.

கணினியில் செய்ய வேண்டியது

மூன்றை இறக்க வேண்டும். முதலாவது ஹெகேட்டி, ஸ்விட்ச் தொடங்கும்போது நமக்கு மெனு காட்டும் பூட்லோடர். இரண்டாவது டெக்ராஆர்சிஎம்ஜியுஐ, கணினியிலிருந்து அந்த ஹெகேட்டியை ஸ்விட்சுக்கு அனுப்பும் நிரல். மூன்றாவது ஸ்விட்ச்ரூட் குழுவினர் ஸ்விட்சுக்கென்றே தயாரித்த உபுண்டு. நான் எடுத்தது 22.04, அதாவது ஜாம்மி. சாதாரண உபுண்டுவை இறக்கிவிடாதீர்கள், அது இதில் தொடங்காது. கோப்பு பெரியது, இரவு நேர டேட்டா இருக்கிறவர்கள் அதில் இறக்குங்கள்.

ஹெகேட்டியின் ஸிப்பைத் திறந்தால் பூட்லோடர் என்று ஒரு போல்டரும், பின் (.bin) என்று முடியும் ஒரு கோப்பும் இருக்கும். போல்டரை மெமரி கார்டில், வேறு எந்தப் போல்டருக்குள்ளும் இல்லாமல் வெளியிலேயே போடுங்கள். பின் கோப்பு கணினியிலேயே இருக்கட்டும். கார்டை ஸ்விட்சில் செருகுங்கள்.

ஆர்சிஎம்முக்குள் போவது

ஸ்விட்சை முழுதாக அணைக்க வேண்டும். பவர் பொத்தானை ஒரு தட்டுத் தட்டினால் அது தூங்கத்தான் போகும். மூன்று விநாடி அழுத்திப் பிடித்து, வரும் மெனுவில் பவர் ஆப்ஷன்ஸ் போய் டர்ன் ஆஃப் கொடுங்கள். வலது ஜாய்கொன்னைக் கழற்றுங்கள். ஜிக்கை அந்தத் தண்டவாளத்தில் மேலிருந்து விட்டு, கீழே தட்டும்வரை தள்ளுங்கள். இப்போது வால்யூம் கூட்டும் பொத்தானை அழுத்திக்கொண்டே பவரை ஒரு தடவை அழுத்துங்கள்.

ஒன்றும் நடக்காது. திரை கறுப்பாகவே இருக்கும். அதுதான் சரி! பலர் இந்த இடத்தில் பயந்து திரும்பத் திரும்ப அழுத்துகிறார்கள். நின்டெண்டோ சின்னம் வந்தால்தான் தவறு, ஜிக் சரியாகத் தொடவில்லை என்று அர்த்தம். அணைத்துவிட்டு மறுபடி செய்யுங்கள்.

கேபிளைக் கணினியில் குத்தி டெக்ராஆர்சிஎம்ஜியுஐயைத் திறங்கள். முதல் தடவை டிரைவரை நிறுவச் சொல்லும், நிறுவுங்கள். ஸ்விட்ச் தெரிந்தவுடன் ஆர்சிஎம் ஓகே என்று பச்சையில் காட்டும். ஹெகேட்டியின் பின் கோப்பைத் தேர்ந்து, அனுப்பும் பொத்தானை அழுத்துங்கள். செத்த மாதிரி இருந்த திரையில் ஹெகேட்டி மெனு வரும். ஜிக்கை இனிக் கழற்றலாம். மருமகன் அதுவரை மூச்சுக் காட்டாமல் பக்கத்தில் நின்றவன், மெனுவைக் கண்டதும் "மாமா, வந்திட்டுது!" என்று கத்தியதில் தங்கச்சி குசினியிலிருந்து ஓடி வந்துவிட்டாள்.

எதையும் தொடுமுன் பேக்கப்

இதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். உபுண்டு உள் நினைவகத்தைத் தொடாது என்று சொன்னேன்தான், ஆனால் இதே மெனுவில் தவறான ஒரு பொத்தான் தொட்டுவிடும், கை தவறுவது யாருக்கும் நடக்கும். டூல்ஸ் பக்கத்தில் பேக்கப் இஎம்எம்சி என்று இருக்கும், இஎம்எம்சி என்பது அந்த உள் நினைவகம்தான். அதில் முதலில் பூட்0, பூட்1 என்பதை எடுங்கள், அது உடனே முடிந்துவிடும். பிறகு ரோ ஜிபிபி என்பதை எடுங்கள். 32 ஜிபி உள் நினைவகம் முழுக்க அப்படியே கார்டில் இறங்கும், அதனால் நேரம் எடுக்கும். சார்ஜர் குத்தியே இருக்கட்டும், மாரி காலத்தில் செய்கிறீர்கள் என்றால் பேட்டரி நிறைந்த பிறகே தொடங்குங்கள், கரண்ட் போனாலும் பிரச்சினை இருக்காது.

முடிந்ததும் யூஎஸ்பி டூல்ஸில் எஸ்டி கார்ட் என்பதைத் தொட்டால், ஸ்விட்ச் ஒரு பென் டிரைவ் போலக் கணினியில் தெரியும், கார்டைக் கழற்றவே தேவையில்லை. பேக்கப் போல்டரைக் கணினிக்குக் கொப்பி எடுங்கள். இரவல் கணினி என்றால் சொந்தமாக ஒரு வெளி ஹார்ட் டிஸ்கிலும் எடுங்கள். அந்தக் கோப்பு உங்கள் கருவிக்கு மட்டுமே உரியது, நண்பருடைய பேக்கப் உங்களுக்கு உதவாது. கொப்பி சரியாக இருக்கிறது என்று பார்த்தபின் கார்டிலிருந்து அழித்து இடத்தை விடுவியுங்கள்.

அதே மெனுவில் ஆட்டோஆர்சிஎம் என்று ஒன்று கண்ணில் படும். ஜிக் இல்லாமலே ஒவ்வொரு தடவையும் ஆர்சிஎம்முக்குப் போகும் வசதி. அதைப் போடாதீர்கள். உள் நினைவகத்தின் பூட் பகுதியை மாற்றித்தான் அது வேலை செய்கிறது, பேட்டரி முழுதாக இறங்கிவிட்டால் திரும்ப உயிர் கொடுப்பதும் சிரமம்.

கார்டைப் பிரித்து உபுண்டுவை எழுதுவது

டூல்ஸில் பார்ட்டிஷன் எஸ்டி கார்ட். கார்டில் இருப்பது இதில் அழியும் (1 ஜிபிக்குள் இருந்தால் ஹெகேட்டியே எடுத்து வைத்துத் திரும்பப் போட்டுவிடும், பேக்கப்பை முதலே அழிக்கச் சொன்னது அதனால்தான்). லினக்ஸ் என்ற கோட்டை இழுத்து இடம் ஒதுக்குங்கள். 128 ஜிபி கார்டில் நான் 64 கொடுத்தேன். 16க்குக் கீழே போனால் இரண்டு மாதத்தில் இடம் போதாது. ஆண்ட்ராய்ட் கோட்டைத் தொட வேண்டாம்.

பிரித்து முடிந்ததும் அதே பக்கத்திலிருந்து கார்டைக் கணினிக்குக் காட்டும் பொத்தானைத் தொடுங்கள். உபுண்டுவின் சுருக்கிய கோப்பை 7-ஸிப்பால் விரித்து, உள்ளே வரும் பூட்லோடர், ஸ்விட்ச்ரூட் போல்டர்களை அப்படியே கார்டில் போடுங்கள். ஏற்கனவே இருக்கும் பூட்லோடருடன் சேர்க்கட்டுமா என்று கேட்டால் ஆம் சொல்லுங்கள். கணினியில் இஜெக்ட் கொடுத்த பிறகுதான் ஸ்விட்ச் திரையில் மூட வேண்டும். இனி ஃப்ளாஷ் லினக்ஸ் என்பதைத் தொடுங்கள். நல்ல கார்டென்றால் கோடு சீராக ஓடி முடியும்.

தொடங்குமுன் ஒரு சின்ன வேலை. ஜாய்கொன் இரண்டையும் மாட்டிக்கொண்டு ஹெகேட்டி மெனுவின் நிக்ஸ் ஆப்ஷன்ஸில் டம்ப் ஜாய்கொன் பிடி (BT, அதாவது புளூடூத்) என்பதைத் தொடுங்கள். விளையாட்டுப் பக்கத்தில் ஜோடி சேர்த்த ஜாய்கொன் உபுண்டுவிலும் தானாகச் சேரும், இங்கே ஒரு தடவை அங்கே ஒரு தடவை என்று சேர்க்கத் தேவையில்லை.

இப்போது மோர் கான்ஃபிக்ஸ் போய் உபுண்டுவைத் தொடுங்கள். முதல் தடவை தாமதமாகும். பெயர், கடவுச்சொல், வைஃபை கேட்கும். இதை டிவியில் மாட்டாமல் கையில் வைத்தே முடித்துவிட்டு, பிறகு டொக்கில் வையுங்கள். டொக்கின் பக்கவாட்டில் இரண்டு யூஎஸ்பி துளை உண்டு, கீபோர்டுக்கு ஒன்று, மவுஸுக்கு ஒன்று.

தமிழில் தட்டச்ச எதுவும் இறக்கத் தேவையில்லை. கீபோர்ட் அமைப்பிலேயே இலங்கைத் தமிழுக்கான தமிழ்நெட் 99 இருக்கிறது, சேர்த்துக்கொண்டால் போதும். லிப்ரே ஆஃபிஸ், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டும் நன்றாக ஓடும். பத்துப் பன்னிரண்டு டேப் திறந்தால் 4 ஜிபி ரேம் மூச்சு வாங்கும். சிப் ஆர்ம் வகை என்பதால் இன்டெலுக்காகச் செய்த நிரல்களும் விண்டோஸ் நிரல்களும் நேரடியாக ஓடாது.

சாதாரண அப்டேட்கள் வந்தால் போடுங்கள். ஆனால் 22.04இலிருந்து அடுத்த பதிப்புக்கு மாறட்டுமா என்று உபுண்டு கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், ஸ்விட்சுக்கென்று மாற்றிய பகுதிகள் அதில் உடைந்துபோகும். முழுதாக அணைத்தால் அடுத்த தடவை ஜிக், கேபிள், ஹெகேட்டி என்று மறுபடி தொடங்க வேண்டும். அதனால் அன்றாடம் தூங்க மட்டும் விடுங்கள். கணினியை இரவல் கொடுத்தவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டால் ஆண்ட்ராய்ட் போனில் ரெக்காடோ என்ற செயலியைப் போட்டு, போனோடு யூஎஸ்பி கருவிகளை இணைக்கும் ஓடிஜி கேபிளால் ஹெகேட்டியை அனுப்பலாம். தங்கச்சி வீட்டில் அப்படித்தான் செய்கிறார்கள், ஜிக்கை ஒரு நூலில் கட்டி டொக்கின் பின்னாலேயே தொங்கவிட்டிருக்கிறாள்.

விளையாட வேண்டுமென்றால் அணைத்துவிட்டு, ஜிக் இல்லாமல் பவரை மட்டும் அழுத்துங்கள். பழைய நின்டெண்டோ திரை, பழைய சேமிப்புகளோடு அப்படியே வரும்.