போலீஸ் காரை நிறுத்தினால்: துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மிச்சிகனில் டெட்ராய்ட் பக்கம், துப்பாக்கி சுட்டுப் பழகும் ஒரு ரேஞ்சில், சிபிஎல் (துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்லும் லைசென்ஸ்) வாங்கி மூன்று வாரமே ஆன நம்மூர்த் தம்பி ஒருவர், போலீஸ் தன் காரை நிறுத்தியபோது என்ன செய்தார் என்று நடித்தே காட்டினார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆரம்பத்தில் நான் அடித்த அதே கூத்து. கத்தாதே, துப்பாக்கியை எடுத்துக் காட்டாதே என்பதெல்லாம் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள், அதை விடுங்கள்.

சொல்லிக்கொண்டே பர்ஸை எடுப்பது

இதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். வாய் ‘கன் இருக்கு’ என்கிறது, கை பர்ஸைத் தேடிப் போகிறது. நம் ஆட்களுக்குப் பர்ஸ் வலது பின் பாக்கெட்டில், ஹோல்ஸ்டரோ (துப்பாக்கி உறை) அதற்கு நாலு விரல்கடை மேலே. டார்ச்சோடு வெளியே நிற்பவருக்குக் கை எதற்குப் போகிறது என்று எப்படித் தெரியும்? என்னை நிறுத்தியபோது, நான் சீட்டிலிருந்து இடுப்பைத் தூக்கியதும் சட்டை மேலே ஏறித் துப்பாக்கியின் பிடி தெரிந்திருக்கிறது. அந்த அதிகாரி ஓரடி பின்வாங்கித் தன் ஹோல்ஸ்டரில் கை வைத்து ‘ஸ்டாப்’ என்றார். வீடு வந்து சேரும்வரை மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை.

2016 ஜூலையில் மினசோட்டாவில் போலீஸ் காரை நிறுத்திய பிலாண்டோ காஸ்டீல் துப்பாக்கி லைசென்ஸ் உள்ளவர், மரியாதையாகத் தானாகவே சொன்னவர். சொன்ன சில நொடிகளில் ஏழு குண்டுகள். துப்பாக்கியை எடுக்கிறார் என்று நினைத்தேன் என்றார் சுட்ட அதிகாரி, 2017இல் ஜூரி அவரை விடுவித்தது. காஸ்டீல் மேல் பழி போடவில்லை, ஆனால் சொல்லிவிட்டாலே போதும் என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த ஞாபகம்தான் வருகிறது.

கண்ணாடியை இறக்கி, உள்விளக்கைப் போட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வையுங்கள். ‘கன்’ என்று ஆரம்பிக்காதீர்கள், போலீஸ்காரர்கள் ஆபத்து என்று ஒருவரையொருவர் எச்சரிக்கக் கத்துகிற சொல் அது. “ஆபீசர், என்னிடம் சிபிஎல் இருக்கிறது, ஆயுதம் வலது இடுப்பில் இருக்கிறது, நான் என்ன செய்யட்டும்?” அப்புறம் வாயை மூடிக் காத்திருங்கள். லைசென்ஸ் கேட்டால், அது எங்கே இருக்கிறது என்று சொல்லி, அவர் சரி என்ற பிறகுதான் கை நகர வேண்டும். என்னுடையவை இப்போது சன்வைசர் கிளிப்பில்.

க்ளவ் பாக்ஸ்

ரெஜிஸ்ட்ரேஷனும் துப்பாக்கியும் ஒரே பெட்டியில் வேண்டாம்.

கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்பது

மிச்சிகனில் செல்லாது. உடம்பில் இல்லாமல் காருக்குள் மறைவாக இருந்தாலும் உடனே சொல்ல வேண்டும். தவறினால் முதல் தடவையே 500 டாலர் அபராதம், சிபிஎல் ஆறு மாதம் முடக்கம். எல்லை தாண்டி டொலிடோ போனால் கதை வேறு: ஒஹாயோவில் 2022 ஜூனிலிருந்து கேட்டால் சொன்னால் போதும். அங்கே பழகிவிட்டு இங்கே வந்து மாட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒரே ஒரு பீர்

வண்டி ஓட்ட ரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு 0.08 சதவீதம். மிச்சிகனில் இடுப்பில் துப்பாக்கி இருந்தால் 0.02.

எச்1பி

இந்த வேலை விசாவில் இருப்பவர்கள், வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதே ஃபெடரல் குற்றம். போலீஸிடம் எப்படிச் சொல்வது என்று என்னைக் கேட்காதீர்கள், வக்கீலைப் பாருங்கள்.