பின்கழுத்துக் கருமையைத் தேய்க்காதீர்கள்

அந்தப் பெண்ணுக்கு 14 வயது. பின்கழுத்து முழுவதும் நார் போட்டுத் தேய்த்த சிராய்ப்பு. "எவ்வளவு தேய்த்தாலும் இந்த அழுக்குப் போகவில்லை டாக்டர்" என்றார் தாய். மகள் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. தோல் மருத்துவராக என்னை மிகவும் நோகச் செய்யும் காட்சி இது. ஏனென்றால், அது அழுக்கே அல்ல.

இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காதபோது, கணையம் அதை மேலும் மேலும் சுரக்கிறது. மிகுந்துபோன இன்சுலின் தோலின் மேலடுக்குச் செல்களைப் பெருகத் தூண்டுகிறது. தோல் தடித்துக் கறுக்கிறது.

பகல் வெளிச்சத்தில், பவுடர் பூசாமல் பாருங்கள். விரல் நுனியால் வருடினால் வெல்வெட் துணியைத் தொடுவதுபோல் இருக்கும், நுண்ணிய வரிகள் தட்டுப்படும். அழுக்காக இருந்தால் ஸ்பிரிட் நனைத்த பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும், இது வராது. அக்குளையும் தொடை இடுக்கையும் பாருங்கள். சுற்றிலும் சிறு மருக்கள் தொங்கினால் சந்தேகம் வலுக்கிறது. ரத்தச் சர்க்கரையைப் பரிசோதியுங்கள். அது சரியாக இருந்தாலும் அலட்சியம் வேண்டாம், சர்க்கரை ஏறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்தக் கருமை வந்துவிடலாம். உடல் எடை கூடுதலாக இருந்து அது குறைந்தால், கருமையும் மெல்ல வெளிறும். மாதவிடாய் தள்ளிப்போய், தாடையில் பருவும் முரட்டு முடியும் சேர்ந்து வந்தால் சினைப்பை நீர்க்கட்டிக்கான பரிசோதனையும் தேவை.

மெலிந்துகொண்டே வரும் நடுவயதுக்காரருக்கு இதே கருமை சில மாதங்களில் திடீரெனப் பரவினால், இரைப்பைப் புற்றுநோயாக இருக்குமோ என்று பார்த்தாக வேண்டும். அரிதுதான், ஆனாலும் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொரு கருமை உண்டு. 1855-இல் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் அடிசன் விவரித்தது. சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி பழுதாகி, அது சுரக்கும் கார்டிசால் ஹார்மோன் குறைய, அந்தச் சுரப்பியைத் தட்டி எழுப்ப மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன் நிறமிச் செல்களையும் தூண்டிவிடுகிறது. உள்ளங்கை ரேகை, ஈறு, விரல் முட்டி, புதுத் தழும்பு ஆகியவை கறுக்கும். நம்மில் பலருக்கு ரேகையும் ஈறும் இயல்பாகவே கறுப்புதான். ஆகவே, முன்பு இல்லாமல் புதிதாக வந்ததா என்பதே கேள்வி. எழுந்து நின்றால் தலைசுற்றல், உப்பின் மேல் ஓயாத ஆசை, எடைக் குறைவு இவையும் இருந்தால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

வயிற்றில் வரிகள் இருந்தால் ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். பிள்ளைப்பேற்று வரிகள் நாளடைவில் வெளிறிவிடும். ஊதா நிறத்தில், 1 செ.மீ.க்கு மேல் அகன்று, லேசாக இடித்தாலே கன்றிப்போகும் மெல்லிய தோலும் சேர்ந்தால் கார்டிசால் மிகுந்திருக்கலாம். பெரும்பாலும் காரணம், நீண்ட நாள் எடுத்த ஸ்டீராய்டு மாத்திரை. அதற்காக மாத்திரையை நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், அது உயிருக்கே ஆபத்து.

தோல் வறண்டு குளிர்ந்து, இமைகள் உப்பினால் தைராய்டைப் பாருங்கள். இமையோரம் மஞ்சள் திட்டு படிந்தால் ரத்தக் கொழுப்பை அளவிடுங்கள். தடிப்பே இல்லாமல் வாரக்கணக்கில் உடலெங்கும் அரித்தால், களிம்பு மாற்றிக்கொண்டே இராமல் கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனை செய்யுங்கள்.

மருத்துவரிடம் வரும்போது, மாதம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் எடுத்த படங்கள் இருந்தால் பேருதவி. பூசிய களிம்பின் பெயர் தெரியாவிட்டால் அந்த டியூபையே எடுத்து வாருங்கள்.